பொன்னாடையால வாடகை கட்டேலாது



இரண்டு மாசத்துக்கு முதல் எங்கட கூட்டின் நிதிசேர் நிகழ்வுக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்த நேரம், பாடுறதுக்கு ஒரு பிள்ளையைக் கேட்கிற பொறுப்பை என்னிடம் தந்தார்கள். மெல்பேர்ணில் பல்கலைக்கழகம் படிக்கிறவர், கிழமையில் மூன்று நாள் சுப்பர்மார்க்கெற்றில் வேலை, அருமையான குரல். நான் வட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். அகதிகளுக்கு நிரந்தர விசா கேட்டு நடக்கிற போராட்டம், எங்கட சனத்துக்கான நிகழ்வு, நீங்கள் நாலு பாட்டுப் பாடினால் பெரிய உதவி என்றெல்லாம் எழுதினேன். பத்து நிமிசத்தில் பதில் வந்தது.

"கட்டாயம் அக்கா. எவ்வளவு தருவீங்கள்?"

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுதினால் பொய்யாகிவிடும். "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு எல்லாத்துக்கும் காசு" எண்டு மனசுக்குள்ள ஒரு மாமி சொன்னா. அந்த மாமி நான்தான் என்று விளங்க அரை மணித்தியாலம் எடுத்தது. ஏனென்றால் நானும் பாடகிதான். பன்னிரண்டு வருசமாக மெல்பேர்ணிலும் சிட்னியிலும் காசுக்கு மேடையில் பாடுகிறவள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் துணிவு வராமல் அதில் எட்டு வருசத்தைக் கழித்தவள்.

பிறகு நிகழ்வின் வரவு செலவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். மண்டபம் 850 டொலர். ஒலியமைப்பு 600. சாப்பாடு 1,100. பதாகை 90. பாடுகிற இரண்டு பேருக்கும் கீபோர்ட் வாசிக்கிறவருக்கும் என்று தாளில் ஒரு வரியே இல்லை. வேண்டுமென்று யாரும் வெட்டவில்லை. அது ஒரு செலவு என்றே எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் உழைப்புச் சுரண்டலைப் பற்றி மணித்தியாலக் கணக்கில் கதைக்கிற ஆட்கள்.

தாளில் இல்லாத அந்த வரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஒரு இரவின் கணக்கு

மேடைப் பாட்டு என்றதும் பலருக்கு நினைவு வருவது சென்னையிலிருந்து நட்சத்திரங்கள் வந்து இறங்குகிற பெரிய இரவுகள். அது வேறு உலகம். இங்கே இருக்கிற பாடகருக்கு வேலை வருகிற வழி வேறு: கலியாண வரவேற்பு, சாமத்தியவீடு, அறுபதாம் பிறந்தநாள், பழைய மாணவர் சங்கத்தின் இசை இரவு, ஊர்ச்சங்க ஆண்டுவிழா, கோயில் திருவிழா, பரதநாட்டிய அரங்கேற்றம். சிட்னியில் வென்ற்வேர்த்வில், பெண்டில் ஹில் பக்கம். மெல்பேர்ணில் டண்டினோங், கிளேய்ற்றன் தொடங்கி மேற்கே சன்ஷைன், ரொக்பாங்க் வரை. வருசத்தில் சில மாசங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ ஒரு மண்டபத்தில் மைக் இருக்கும்.

ஒரு சங்கத்தின் கலை இரவுக்கு எனக்கு 300 டொலர் தந்தார்கள். எங்கட வட்டத்தில் அது நல்ல காசு, நானும் சந்தோசமாகத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து முதல்முறையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு பாட்டைச் சுருதி பார்த்து, வரி பாடமாக்கி, இசைத்தடம் தேடி எடுக்க நாலு மணித்தியாலம். இரண்டு ஒத்திகை, போக வர நேரத்தோடு எட்டு மணித்தியாலம். நிகழ்வு நாளில் மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டேன். ஆறு மணி நிகழ்ச்சி ஏழேகாலுக்குத் தொடங்கி, பேச்சுகள், அனுசரணையாளர் கௌரவிப்பு எல்லாம் முடிந்து என் கடைசிப் பாட்டு பத்தரைக்கு. வீடு வந்து சேர நடுச்சாமம். அது பத்து மணித்தியாலம். ஆக மொத்தம் 22. பெற்றோல், ரோல், இசைத்தடம் வாங்கினது எல்லாம் 60 டொலர் கழித்தால் மிச்சம் 240. மணித்தியாலத்துக்கு 11 டொலர்கூட வரவில்லை.

2025 ஜூலையில் இந்த நாட்டில் அடிப்படைக் கூலி மணித்தியாலத்துக்கு 24 டொலர் 95 சதமாக இருந்தது. அதில் பாதிகூட எனக்குக் கிடைக்கவில்லை. இது நல்ல காசு தந்த இரவு. காசே தராமல் பொன்னாடை போர்த்தி, கேடயம் தந்து, "எங்கட பிள்ளை" என்று மைக்கில் புகழ்ந்து அனுப்பின இரவுகள் இதைவிட எத்தனையோ. என் அலுமாரியில் பதினேழு பொன்னாடை இருக்கு. அதில் ஒன்றைக்கூட வீட்டுக்காரர் வாடகைக்கு வாங்க மாட்டார்.

அரங்கேற்றம் இதைவிடச் சிக்கலானது. இரண்டரை, மூன்று மணித்தியால நிகழ்ச்சி. வர்ணம் மட்டுமே அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். ஆடுகிற பிள்ளையின் மூச்சும் காலும் பாடகருக்குப் பழக வேண்டும், அதற்கு மாசக்கணக்கில் வார இறுதிகள் போகும். ஒருமுறை நாலு மாசம் ஒத்திகைக்குப் போனேன். அரங்கேற்றத்துக்கு இரண்டு கிழமை இருக்க, "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, சென்னையில இருந்து ஒரு ஆள் வாறார்" எண்டு சொன்னார்கள். சம்பளம் மேடையேறும் நாளுக்குத்தான் பேசப்பட்டது. ஆகவே அந்த நாலு மாசத்துக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பத்தில் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் ஏமாற்றவும் இல்லை. ஒத்திகையும் வேலை, நிகழ்வு கைமாறினாலும் அதற்குக் கூலி உண்டு என்று நான் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டிருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. சொல்லித் தரவும் ஒருவரும் இல்லை.

தாளில் இல்லாத பாடகி

2020 மார்ச்சில் ஒரே கிழமையில் எனக்குப் பதினொரு நிகழ்வுகள் நின்றுபோயின. எல்லாருக்கும் நடந்ததுதான். மாசக் கடைசியில் அரசாங்கம் ஜொப்கீப்பர் திட்டத்தை அறிவித்தது, இரண்டு கிழமைக்கு 1,500 டொலர். தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் அது உண்டு என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. பிறகு நிபந்தனைகளை வாசித்தேன். 2020 மார்ச் 12இல் ஏபிஎன் இருந்திருக்க வேண்டும். தொழிலால் வந்த வருமானத்தை அதற்கு முன்னரே வரித் திணைக்களத்துக்குக் காட்டியிருக்க வேண்டும். வருமானம் விழுந்ததை நிரூபிக்க வேண்டும்.

என்னிடம் இருந்தது மொய்க் கவர் மாதிரி என்வலப்பில் வந்து செலவாகிப் போன காசு. பில் இல்லை, ஏபிஎன் இல்லை, வங்கிக் கணக்கில் தடயம் இல்லை. அத்தனை வருசம் பாடியும் தாளில் நான் பாடகியே இல்லை. என்னோடு தபேலா வாசித்த தம்பி எல்லாத்தையும் ஒழுங்காக வைத்திருந்தார், ஆனால் அவர் தற்காலிக விசாவில் இருந்தார். தற்காலிக விசாக்காரருக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. ஆவணம் இல்லாத நானும் விசா இல்லாத அவரும் ஒரே இடத்தில் வந்து நின்றோம்.

"கையில காசு, கணக்கில இல்லை" என்பது இரண்டு பக்கத்துக்கும் வசதி என்று நினைத்திருந்தேன். வசதி ஒரு பக்கத்துக்குத்தான். காசு தராமல் விட்டால் முறையிட எனக்கு ஆவணம் இல்லை. வீட்டுக் கடனுக்குப் போனால் வருமானம் இல்லை. ஓய்வு காலத்துக்குச் சேமிப்பு இல்லை. மாணவர் விசாவில் இருக்கிறவரின் நிலை இன்னும் மோசம். படிப்புக் காலத்தில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், பாடுகிறதும் அந்த வேலையில் சேரும். அதைத் தெரிந்த ஏற்பாட்டாளர் காசு குறைத்தாலும் அந்தப் பிள்ளை வாய் திறக்காது. வேலை உரிமையே இல்லாத பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறவரை மேடையேற்றிவிட்டு "அவருக்குக் காசு குடுக்கேலாது, சட்டம்" என்று கை விரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து எங்களோடு வீதிக்கு வந்தால் அவர்கள் சொல்லை நம்பலாம்.

காசு கேட்க ஏன் கூசுது?

எட்டு வருசம் ஏன் வாய் வரவில்லை என்று யோசித்தால் அம்மா சொன்ன ஒரு வசனம் ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் சங்கீத வகுப்புக்கு அனுப்பும்போதே சொல்லிவிட்டா: "படி, பாடு. ஆனா காசுக்குப் பாடுறவள் எண்டு பேர் எடுத்திடாத."

அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. கோயில் திருவிழாக்களில் சின்ன மேளம் என்று ஆடியும் பாடியும் பிழைத்த பெண்கள் எங்கட ஊர்களில் இருந்தார்கள். ஆறுமுக நாவலர் காலத்திலிருந்தே சைவச் சீர்திருத்தக்காரர் அதை எதிர்த்தார்கள். தமிழ்நாட்டில் 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த முறைக்குள் இருந்த ஒடுக்குமுறை உண்மை, அது ஒழிந்தது நல்லது. ஆனால் கலை மட்டும் "நல்ல குடும்பத்து" வீடுகளுக்கு இடம் மாறியது. அதால் சோறு தின்ற பெண்கள் வெளியே விடப்பட்டார்கள். போகும்போது அவர்களிடமிருந்து கலையை எடுத்துக்கொண்ட சமூகம் கூலியை எடுக்கவில்லை. கூலி கேட்கிறது இழிவு, கலைக்காகக் கலை என்பதே கௌரவம் என்று ஆனது. பெரிய மேளக்காரரின் நாதஸ்வரத்தைச் சாமம் வரை ரசித்துவிட்டு அவரை வீட்டு வாசலோடு நிறுத்திய சாதிப் புத்தியும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. காசுக்கு வாசிக்கிறவன் கீழே, காசு கொடுத்துக் கேட்கிறவன் மேலே.

ஆகவே "நான் காசுக்காகப் பாடுறதில்லை" என்பதை இனிமேல் பெருமையாகச் சொல்லாதீர்கள். வேறு வருமானம் உள்ளவர்தான் அப்பிடிச் சொல்ல முடியும்.

எங்களுக்கு வேறு முன்னோடிகளும் இருக்கிறார்கள். வறுமையில் பிறந்து, சின்ன வயதில் ரயிலில் பாடிப் பிழைத்து, நாடக மேடைக்கு வந்த கே.பி. சுந்தராம்பாள் கொழும்பிலும் நாடகக் குழுவோடு வந்து பாடினவர். சினிமாவில் நடிக்கச் சொல்லி வற்புறுத்தினபோது ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். அந்தக் காலத்தில் அது கேள்விப்படாத தொகை. கேட்டதைத் தந்தார்கள். 1935இல் வந்த பக்த நந்தனார் அந்தப் படம். அவரைக் காசுக்குப் பாடினவர் என்று இன்று யாரும் இழிவாகச் சொல்வதில்லை.

தெரிந்திருக்க வேண்டிய சில

எனக்கு ஒருவரும் சொல்லித் தராததை இங்கே எழுதிவிடுகிறேன். இது சட்ட ஆலோசனை இல்லை. அது வேண்டுமென்றால் கலைஞர்களுக்கென்றே இயங்குகிற ஆர்ட்ஸ் லோ சென்ரர் இருக்கிறது.

ஏபிஎன் எடுக்கக் காசு தேவையில்லை. அது இல்லாமல் ஒரு சங்கத்துக்கோ நிறுவனத்துக்கோ 75 டொலருக்கு மேல் பில் கொடுத்தால் பொதுவாக 47 வீதத்தைப் பிடித்து வரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். வருசத்துக்கு 75,000 டொலருக்குக் கீழே உழைத்தால் ஜிஎஸ்ரி பதிவு கட்டாயமில்லை. எங்களில் அந்த எல்லையைத் தொடுகிற பாடகர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

எழுத்து வேண்டும். பெரிய ஒப்பந்தம் தேவையில்லை, ஒரு மின்னஞ்சல் போதும். எத்தனை பாட்டு, எத்தனை ஒத்திகை, எத்தனை மணிக்கு ஒலிச் சோதனை, எவ்வளவு காசு, எந்தத் திகதிக்குள், நிகழ்வு நின்றால் என்ன. மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேளுங்கோ. முன்பணம் தராதவர் மிச்சத்தையும் இழுத்தடிப்பார் என்பது என் அனுபவம். காணொளி எடுத்து இணையத்தில் போடுகிறதென்றால் அதற்கும் உங்களைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கோ. நகரசபை மண்டபங்களில் பொதுப் பொறுப்புக் காப்புறுதி கேட்பார்கள். அது யாருடைய செலவு என்பதையும் முதலே பேசுங்கோ.

பலருக்குத் தெரியாத ஒன்று சூப்பர். "நீங்கள் ஏபிஎன்னில வாறீங்கள், ஆகவே சூப்பர் இல்லை" என்று சொல்வார்கள். 1992ஆம் ஆண்டின் சூப்பர் உத்தரவாதச் சட்டத்தில் 12ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவு, இசை, நாடகம், நடனம் போன்றவற்றை நிகழ்த்தக் காசு வாங்குகிறவரை சூப்பர் விசயத்தில் ஊழியராகவே கணக்கெடுக்கிறது. மாசத்துக்கு 450 டொலருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற பழைய எல்லையும் 2022 ஜூலையோடு போய்விட்டது. இன்றைய வீதம் 12. எனக்கு வந்த அந்த 300 டொலருக்கு மேலே 36 டொலர் என் சூப்பர் கணக்குக்குப் போயிருக்க வேண்டும். கலியாணம், பிறந்தநாள் போன்ற வீட்டு விசேசங்களுக்கு இது பொருந்தாது, உங்கள் சொந்தக் கொம்பனி மூலம் பாடினாலும் கதை வேறு. ஆனால் சங்கங்களும் கோயில்களும் விழா நடத்துகிறவர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டின் உரிமை இன்னொரு கதை. 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தன் ஐம்பது வருட இசைப் பயணத்தைக் கொண்டாட அமெரிக்காவில் பாடிக்கொண்டிருந்தபோது, தன் பாடல்களை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து சட்ட அறிவித்தல் போனது. எங்கட வட்ஸ்அப் குழுக்களில் கிழமைக்கணக்கில் சண்டை, அவர் சரியா இவர் சரியா என்று. இரண்டு பெரியவர்களின் நட்பைப் பற்றி எல்லாரும் கண்ணீர் விட்டார்கள். ஆனால் அதற்குள் இருந்தது ஒரு தொழிற் கேள்வி. ஒரு பாட்டு மேடையில் ஒலிக்கும்போது இயற்றினவருக்கு ஒரு பங்கு, பாடுகிறவருக்கு ஒரு கூலி, இரண்டும் வேறு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க முடியாது. அவுஸ்திரேலியாவில் நிகழ்வு நடத்துகிறவர் 2019இலிருந்து வன்மியூசிக் வழியாக உரிமம் எடுக்கலாம், அந்தச் செலவு பாடகரின் தலையில் விழ வேண்டியதில்லை. நீங்களே பாட்டு எழுதி இசையமைக்கிறவர் என்றால் அப்ராவில் சேருங்கோ, சேரக் கட்டணம் இல்லை. சொந்தப் பாட்டை மேடையில் பாடினதை அவர்களுக்குப் பதிந்தால் அதற்கு உரிமைத்தொகை வரும். இங்கே பிறந்த பிள்ளைகள் தமிழில் சொந்தமாக எழுதிப் பாடத் தொடங்கியிருக்கிற இந்த நேரத்தில் இது சின்ன விசயம் இல்லை.

கடைசியாகச் சங்கம். ஊடக, கேளிக்கை, கலைத் தொழிலாளர் சங்கமான எம்ஈஏஏயின் இசைக்கலைஞர் பிரிவு மியூசிசியன்ஸ் அவுஸ்திரேலியா. ஒரு நிகழ்வுக்கு ஒரு கலைஞருக்குக் குறைந்தது 250 டொலர் என்று அது கேட்டு வருகிறது, தங்கள் நிதியில் நடக்கிற நிகழ்வுகளுக்குச் சில மாநில அரசுகள் அதை ஏற்றிருக்கின்றன. எங்கட சங்கங்களும் பல்கலாசார நிதி வாங்கித்தான் பல விழாக்களை நடத்துகின்றன. விண்ணப்பப் படிவத்தில் கலைஞர் கட்டணம் என்று ஒரு வரி போட்டால் என்ன?

"தனித்தனியாத் தொழில் செய்யிற ஆட்கள் சேர்ந்து விலை வைச்சா அது போட்டிச் சட்டத்துக்கு எதிர்" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அதுக்கும் வழி இருக்கு. 2021 ஜூனிலிருந்து வருசத்துக்கு ஒரு கோடி டொலருக்குக் குறைந்த வியாபாரம் உள்ள சிறு தொழில்கள் போட்டி ஆணைக்குழுவுக்கு ஒரு சின்னப் படிவம் கொடுத்துவிட்டுக் கூட்டாகப் பேரம் பேசலாம். மெல்பேர்ணில் பத்துத் தமிழ்ப் பாடகர் சேர்ந்தால் போதும்.

எங்கட மேடை

மற்றவர்களைச் சொல்லியாகிவிட்டது. எங்களைப் பார்ப்பம்.

இடதுசாரி இயக்கங்கள் பாட்டால் வளர்ந்தவை. 1950களிலும் 60களிலும் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் நடுவில் அவர் பாட்டுத்தான் கட்சியின் குரல். அவருடைய தம்பி இளையராஜா சின்னப் பையனாக அந்தக் குழுவில் ஆர்மோனியத்தோடு திரிந்தவர். தம்பிமார் பிறகு பிழைப்புத் தேடி சென்னைக்குப் போனார்கள். எங்கட பக்கத்தில் எஸ்.ஜி. சாந்தன். அவருடைய குரல் இல்லாமல் புலம்பெயர் நாடுகளில் ஒரு நினைவு நிகழ்வு நடக்காது. 2017 பெப்ரவரியில் சிறுநீரக நோயால் யாழ்ப்பாணத்தில் காலமானார். அவர் பாட்டுகளைப் போட்டு மண்டபம் நிரப்பின நாங்கள், அவர் உயிரோடு இருந்த காலத்தில் அந்தப் பாட்டுகளுக்காக அவருக்கு என்ன கொடுத்தோம் என்று எங்கட மேடைகளில் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இயக்கத்துக்குப் பாட்டு இன்றைக்கே வேணும். பாடுகிறவரின் சாப்பாட்டுப் பிரச்சினையைப் புரட்சிக்குப் பிறகு பார்ப்பம் என்போம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கு. சங்கங்களிலும் கூட்டுகளிலும் ஓடுகிற ஆட்கள் எல்லாரும் தொண்டர்கள்தானே. ஒரு அண்ணை கோழித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நித்திரை இல்லாமல் வந்து கதிரை அடுக்குகிறார். ஒரு அக்கா நூறு ரோல்ஸ் சுருட்டிக்கொண்டு வாறா. அவர்களுக்குக் காசு இல்லை, பாடகருக்கு மட்டும் ஏன்? ஒற்றுமைக்காகப் பாடுகிறதும் போராட்டம் இல்லையா?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. நானும் மறியல் நடந்த வாசலில் காசில்லாமல் பாடியிருக்கிறேன், இனியும் பாடுவேன். அங்கே ஒருவருக்கும் காசு இல்லை. ஆனால் மண்டபக்காரருக்குக் காசு, ஒலியமைப்பாளருக்குக் காசு, பதாகை அடித்தவருக்குக் காசு, பாடினவருக்கு மட்டும் நன்றி என்றால் அது ஒற்றுமை இல்லை. அவருடைய உழைப்பு மட்டும் உழைப்பாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த அண்ணைக்கு வாழ்வாதாரம் தொழிற்சாலை, கதிரை அடுக்குவது தொண்டு. பாடகருக்கு வாழ்வாதாரமே பாட்டு. ஒலியமைப்பாளரிடம் "நல்ல காரியம், சும்மா செய்யுங்கோ" என்று கேட்க எங்களுக்குக் கூசும். பாடகரிடம் கேட்கக் கூசுவதில்லை. நன்கொடை கொடுக்கிறதும் விடுகிறதும் அவரவர் முடிவு. முதலில் கூலி அவருடைய கைக்குப் போக வேண்டும். திருப்பித் தருவதென்றால் அவர் தரட்டும்.

அதனால் அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்று விசயத்தை வைக்கப் போகிறேன். ஒன்று, எங்கட நிகழ்வில் மேடையிலோ மேடைக்குப் பின்னாலோ ஒருவருக்குக் காசு கொடுத்தால், பாடுகிற, வாசிக்கிற, ஆடுகிற எல்லாருக்கும் குறைந்தது 250 டொலர், சூப்பர் பொருந்தினால் அதுவும். இரண்டு, அழைப்பு மின்னஞ்சலின் முதல் பந்தியிலேயே தொகையை எழுதுவது, கேட்க வைக்காமல். மூன்று, மெல்பேர்ணிலும் சிட்னியிலும் இருக்கிற தமிழ்க் கலைஞர்களை ஒரு மேசைக்குக் கூப்பிட்டு, எம்ஈஏஏயில் இருந்தும் ஒருவரைக் கூப்பிட்டு, மற்றச் சங்கங்களுக்கும் கொடுக்கக்கூடிய ஒரு பக்க ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதுவது.

காசுக்கு எங்கே போகிறது என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளையின் வட்ஸ்அப்புக்குப் பதில் எழுத முதல் நாங்களும் இதைத்தான் கேட்டோம். மூன்று பேருக்கு 250 வீதம் 750 டொலர். நாங்கள் எதிர்பார்த்தது 150 பேரை. ரிக்கெற்றை 25இலிருந்து 30 ஆக்கினோம், முடிந்தது கதை. ஐந்து டொலருக்காக ஒருவரும் வராமல் விடவில்லை.

நிகழ்வு நாளன்று அந்தப் பிள்ளை நாலு மணிக்கே வந்து ஒலிச் சோதனை செய்தா. நாலு பாட்டு, ஒரு சுருதி விலகவில்லை. பின்வரிசையில் இருந்த அகதி அண்ணைமார் இரண்டு பேர் எழும்பி நின்று கேட்டார்கள். அடுத்த நாள் காலை எனக்கு ஒரு பில் வந்தது, ஏபிஎன் இலக்கத்தோடு, 14 நாளுக்குள் கட்டவும் என்ற வரியோடு. வாசலில் வைத்த உண்டியலில் அவ ஒன்றும் போடவில்லை. சுப்பர்மார்க்கெற்றில் அந்தச் சனிக்கிழமை வேலையை விட்டுத்தான் வந்தவ என்று பிறகுதான் தெரிந்தது.

பில்லை அன்றைக்கே கட்டினோம்.

நீங்கள் பாடுகிறவர், வாசிக்கிறவர், ஆடுகிறவர் என்றால் இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கோ, மேசையில் ஒரு கதிரை உங்களுக்கு இருக்கும். நிகழ்வு நடத்துகிறவர் என்றாலும் எழுதுங்கோ. முதலில் உங்கள் வரவு செலவுத் தாளை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.